பெயரில்லாத சீட்டு

சர்வேயர் ஐயா தம் ஆயுளில் ஒரு முறைகூட ஜெபக் குறிப்புப் பெட்டியில் சீட்டு போட்டவரல்ல. பன்னிரண்டு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் அந்தப் பெட்டியைத் திறந்து, சபை முன் நின்று சீட்டுகளை வாசிப்பவர் அவர்தான். யார் வீட்டில் காய்ச்சல், யாருக்கு வேலை போயிற்று, எல்லாம் அவர் வாய் வழியேதான் ஆண்டவர் சந்நிதிக்குப் போகும். அவர் வீட்டு விஷயம் மட்டும் வாசற்படி தாண்டாது. ஆண்டவரிடம்கூட அவர் கெஞ்சியதில்லை. நடந்ததைச் சொல்லி, நடக்க வேண்டியதையும் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்.

"ஐயா ஜெபத்துக்கு எழுந்தா, பரலோகத்துல எல்லாரும் நிமிர்ந்து உட்காருவாங்க" என்று கோவில் மணி அடிக்கும் கிழவர் முகத்துக்கு நேரேயே சொல்வார். ஐயா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

பெயர் போடாத சீட்டை வாசிப்பதில்லை என்ற விதியும் அவர் கொண்டுவந்ததுதான். யாரோ வேலை மெனக்கெட்டு அடுத்த வீட்டுச் சண்டையை எழுதிப் போட்டு, சபையே சிரித்த பிறகு, மூப்பர் கூட்டத்தில் மேசையைத் தட்டி நிறைவேற்றினார்.

அவருடைய மூத்த மகன் பேருந்து ஓட்டுநர். ஏழு வாரங்களுக்கு முன், வண்டி நிறைய ஆட்களோடு பாதி வழியில் ஓரங்கட்டிவிட்டு, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான். அந்தக் கைகளைப் பிரித்தெடுக்கக் கண்டக்டர் அரைமணி நேரம் பாடுபட்டார். அன்று வந்து படுத்தவன் அறையை விட்டு வெளியே வரவில்லை. பதற்ற நோய், அவசரப்படுத்தாதீர்கள் என்றார் மருத்துவர். கேட்டவர்களிடம் ஐயா முதுகுவலி என்றார். இளைய மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்த நேரம். மாப்பிள்ளை வீட்டார் அதே கோவிலில் மூன்றாம் வரிசையில் உட்காருகிறவர்கள்.

அந்த முதுகுவலியைக் கட்டிக்காப்பதிலேயே ஐயாவின் தூக்கம் போயிற்று. மகன் குணமாக ஆண்டவருக்குத் தேதிகூடக் குறித்துக் கொடுத்துப் பார்த்தார். தேதிகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. சபையில் சொல்லி ஜெபிக்கச் சொல்லுங்கள் என்று மகன் ஒரே ஒரு முறை கேட்டான். நான் ஜெபிப்பது போதாதா என்று கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டார்.

அந்த ஞாயிறு, ஆராதனைக்கு முன் பெட்டியைத் திறந்தவர் நான்காம் சீட்டில் அப்படியே நின்றார். 'எனக்குப் பயமா இருக்கு. வண்டியைத் தொடவே முடியல. எனக்காக ஜெபம் பண்ணுங்க.' பெயர் இல்லை. எழுத்து மகனுடையது. அவர் மனைவி அன்று அவருக்கு முன்பே கோவிலுக்குக் கிளம்பியது இதைப் பெட்டியில் போடத்தான் என்பதும் விளங்கியது. தகப்பன் மானம் போய்விடக் கூடாதென்று பிள்ளை தன் பெயரையே விட்டிருந்தான். விதிப்படி ஒதுக்கிவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒதுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சபை முன் மற்றச் சீட்டுகளை வாசித்தும் முடித்தார். ஆனால் இருக்கைக்குத் திரும்பவில்லை. பையிலிருந்து அதை எடுத்தார்.

"இதுல பேரு இல்ல. என் மூத்த மகன் எழுதினது" என்று தொடங்கி வாசித்தார். சீட்டை மடித்தார். "அவனுக்கு முதுகுவலி இல்ல. நான் சொன்னது பொய். எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. நீங்க ஜெபம் பண்ணுங்க. என்னால முடியல."

போதகர் ஜெபித்தார். வெளியே சம்பந்தி தலையசைத்துவிட்டு நடந்தார். அது ஆறுதலா, விலகலா? நிலத்தை அளந்தே முடி நரைத்தவரால் அந்தத் தலையசைப்பை அளக்க முடியவில்லை.

வீட்டில் மகனின் கட்டில் ஓரம் உட்கார்ந்தார்.

"சொல்லிட்டேன்டா."

"எல்லாருக்கும் முன்னாலயா?"

"எல்லாருக்கும் முன்னால."

"தங்கச்சி கல்யாணம்?"

"தெரியல."

"எனக்குச் சரியாயிடுமாப்பா?"

ஆகும், ஆகியே தீரும் என்று இத்தனை நாள் அதட்டியவர், "அதுவும் தெரியலப்பா. ஆண்டவர்கிட்ட விட்டுட்டேன்" என்றார்.

மகன் நகர்ந்து இடம் விட்டான். சட்டையைக்கூட மாற்றாமல் ஐயா சாய்ந்தார். ஜெபிக்க வாய் திறந்தார். 'ஆண்டவரே' என்பதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

மனைவி சாப்பிடக் கூப்பிட வந்தபோது மகன் விழித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஐயா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"எழுப்பாதீங்கம்மா" என்றான் மகன்.