பேட்டரிதான் காரணம்

வண்டியை எடுத்துப்போக ஆள் வந்த சனிக்கிழமை காலை கராஜில் நின்றவர்கள்: நைரீ, மூன்று வாரத்துக்கு முன் கணவனைப் புதைத்தவள். அவள் மகள் கிர்ஸ்டி, வயது பதினேழு. செத்துப்போன மர்டாக்கின் தம்பி அலிஸ்டர். பக்கத்து ஊர் கோரில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் செமிசி. அப்புறம் அந்த வண்டி. அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த வீட்டில் அதற்கு ஒரு பெயர் இருந்தது.

பாதி பெட்ரோலிலும் பாதி கரண்டிலும் ஓடுகிற ஜப்பான் வண்டி. யாரோ ஓட்டிக் கழித்து, கப்பலில் வந்தது. திரையில் எழுத்தும் ஜப்பான், பேச்சும் ஜப்பான். பொத்தானை அழுத்தினால் ஒரு பெண் குரல் என்னவோ சொல்லும். அவர்கள் ஊரான மட்டவுராவில் இரண்டு வீட்டுக்கு ஒன்று இப்படி நிற்கிறது. அது பேசுவதையும் கத்துவதையும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. மர்டாக் அதற்கு யூமிகோ என்று பெயர் வைத்தான். "என் ரெண்டாவது பொண்டாட்டி. இவ திட்டுறது எனக்குப் புரியாது. அதான் நிம்மதி" என்பான்.

சத்தம் போடாது என்பதற்காகவே அதை வாங்கினான். இறைச்சி ஆலையில் அவனுக்கு இரவு வேலை. பகல் தூக்கம், கராஜை ஒட்டிய ஜன்னலில்லாத அறையில். பழைய டீசல் வண்டி உள்ளே வந்தால் கட்டில் ஆடும். யூமிகோ வந்து நிற்பது பூனைக்கும் தெரியாது.

ஜூலை மாதம், உலகின் தென்கோடியில் இருக்கும் அந்த ஊருக்கு நடுக்குளிர்காலம். தரையெல்லாம் உறைபனி படிந்திருந்த ஒரு வியாழக்கிழமை. காலையில் கிர்ஸ்டி அம்மாவை முதியோர் இல்லத்தில் வேலைக்கு இறக்கிவிட்டு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தனியாக ஓட்ட லைசென்ஸ் கிடைத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தெருவில் தோழியின் கார் காத்து நின்றது. அப்பா எழுந்துவிடக் கூடாதென்று ஷட்டரை மெதுவாக இறக்கிவிட்டுப் பள்ளிக்கு ஓடினாள். நான்கு மணிக்கு வீடு திரும்பிய நைரீ ஷட்டரைத் தூக்கினாள். வெந்த காற்று முகத்தில் அடித்தது. வண்டியின் பொத்தான் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அணைத்தாள். அதற்குப் பிறகுதான் கணவனிடம் ஓடினாள்.

போலீஸிடம் உண்மையைச் சொன்னாள். வீட்டில் சொன்னது வேறு: பேட்டரி கசிந்து விஷக்காற்று வந்துவிட்டது.

அலிஸ்டருக்கு அது போதும். ஆறு வருஷமாக அந்த வண்டியைக் கரித்துக்கொட்டியவன். மழையில் தொட்டால் ஷாக் அடிக்கும், பக்கத்தில் படுத்தால் மூளை வேகும், மூன்று வருஷத்தில் பேட்டரி செத்துவிடும் என்றெல்லாம் சொன்னவன். ஒன்றும் நடக்கவில்லை. இப்போது நடந்துவிட்டது. அடக்கத்தன்று சீஸ் ரோலைக் கடித்துக்கொண்டே ஊருக்கெல்லாம் விளக்கினான். இரண்டு பேர் தங்கள் வண்டிகளை விற்றே விட்டார்கள். நைரீ மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் முழுக்க முட்டாளாக இருந்துவிட்டுப் போகட்டும். மகளுக்குத் தெரியாமல் இருந்தால் சரி.

ஒரே ஒரு தடவை கிர்ஸ்டி கேட்டாள். "அம்மா, முந்தின நாள் நான் ஹோஸ் வச்சு வண்டியைக் கழுவினேனே. பேட்டரிக்குள்ள தண்ணி போயிருக்குமோ?"

"போகாதும்மா. உன்னால ஒண்ணும் ஆகல."

செமிசிக்கு நைரீ போனில் சொன்னது இவ்வளவுதான்: வண்டி வேண்டாம், சும்மா எடுத்துட்டுப் போங்க.

"செமிசி, கையுறை போடுப்பா. அது எங்கண்ணனைக் கொன்ன சனியன்" என்றான் அலிஸ்டர்.

செமிசி வெறுங்கையை பானெட்டில் வைத்தான். "என்ன அலிஸ்டர், கடிக்குமா?"

"சிரிக்காதய்யா. பேட்டரி விஷத்தைக் கக்கியிருக்கு."

"எவன் சொன்னான்? நான் இந்த மாதிரி இருநூறு பேட்டரி கழட்டியிருக்கேன். பிள்ளையைத் தூக்கற மாதிரி நெஞ்சோட அணைச்சுத் தூக்குவேன். இது கொல்லாது."

"செமிசி, பேச்சு போதும், ஏத்துங்க" என்றாள் நைரீ.

"ஒரு நிமிஷம் அக்கா. ஊரே இப்படிப் பேசிட்டுத் திரியுது. பார்த்துக்கட்டும்." அவன் உள்ளே உட்கார்ந்து பொத்தானை அழுத்தினான். பெண் குரல் ஏதோ சொன்னது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. "இப்ப வண்டி ஓடுதா, நிக்குதா?"

"நிக்குது" என்றான் அலிஸ்டர்.

"ஓடுது. எல்லாரும் இதுலதான் ஏமாறுறது." செருகத் தேவையில்லாத அந்தச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிக் கதவைச் சாத்தினான். வண்டி மூன்று முறை பீப் என்று கத்தியது. "கத்துது பாருங்க. அணைக்காமப் போறியேன்னு கேட்குது. நம்மாளுங்க யார் கேட்கறாங்க?"

நைரீ வண்டிக்கதவை நோக்கி நடந்தாள். அவள் தொடுவதற்குள் எஞ்சின் தானாக உறுமியது. அலிஸ்டர் ஒரு அடி பின்னால் போனான்.

"பாத்தீங்களா? குளிருக்கு இப்ப உடனே எழுந்துடுச்சு. சூடா இருந்தா ரொம்ப நேரம் சும்மா கிடக்கும். பேட்டரி இறங்கினதும் இப்படித்தான் பெட்ரோல் குடிக்க ஆரம்பிக்கும். அணையும், மறுபடி எழும். நாள் பூரா. ஷட்டர் மூடியிருந்தா அந்தப் புகைதான் ஆளைக் கொல்லும். பேட்டரி மேல பழி போடாதீங்க. யாரோ அணைக்க மறந்திருக்காங்க."

நைரீ பொத்தானை அழுத்தினாள். எஞ்சின் நின்றது. யார் முகத்தையும் பார்க்காமல் பேசிய செமிசி இப்போதுதான் பார்த்தான்.

"அன்னைக்கும் மூணு தடவை கத்திச்சு" என்றாள் கிர்ஸ்டி. குரலில் அழுகை இல்லை. "நான் சரி யூமிகோ, சரி யூமிகோன்னு சொல்லிட்டு ஓடினேன்."

"நான்தான் அணைக்காம விட்டேன்" என்றாள் நைரீ. "கிர்ஸ்டி, கேளு. நான்தான்."

"நீ வேலையில இருந்தம்மா. நான்தானே உன்னைக் கொண்டுபோய் விட்டேன்."

"கண்ணு…"

"உனக்குத் தெரியும். இத்தனை நாளும் உனக்குத் தெரியும்."

அலிஸ்டர் கையை நீட்டினான். "பாப்பா, இவன் உளறுறான். பேட்டரிதான்…"

"போதும் சித்தப்பா."

கராஜிலிருந்து வீட்டுக்குள் போக இரண்டு கதவுகள். ஒன்று சமையலறைக்கு. இன்னொன்று, நைரீ இன்னும் படுக்கையைக்கூட மடிக்காமல் விட்டிருந்த, ஜன்னலில்லாத அறைக்கு. கிர்ஸ்டி இரண்டாவதைத் திறந்தாள். நைரீ ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடிப்பதற்குள் கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.