செப்பரேட்லி அக்கா

“அம்மா, செப்பரேட்லின்னா என்னன்னு ஒனக்கு நெசமாவே தெரியாதா?”

ஆறாவது படிக்கும் மகள் அபிராமி இப்படிக் கேட்டதும் ஒச்சாயிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கம்பெனிக் கேலி குடியிருக்கும் வேலம்பாளையம் காலனி வரைக்கும் வந்துவிட்டதே!

பனியன் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் அவளுக்கு ஆறு வருஷ வேலை. ஸ்மால் ஒன்று, மீடியம் இரண்டு, லார்ஜ் இரண்டு என்று கலந்து அடுக்குவது கைப்பழக்கம். ஒரு ஆர்டருக்கு மட்டும் சைஸ் வாரியாக ‘செப்பரேட்லி’ கட்டச் சொல்லித் தாள் வந்தது. வார்த்தை புரியவில்லை, கேட்க வெட்கம். பழக்கப்படியே நாற்பது பெட்டிகளை ஒட்டிவிட்டாள்.

தப்பைக் கண்டுபிடித்த சூப்பர்வைசர் சசிகுமார் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பாள். தினமும் காலையில் எல்லோரும் கூடியதும், “ஏனுங்கக்கா, செப்பரேட்லின்னா என்னங்க? சித்த சொல்லிக் குடுங்க” என்பான். ஹாலே சிரிக்கும். அவள் பெயரே ‘செப்பரேட்லி அக்கா’ என்றாகிவிட்டது.

“தனித்தனியான்னு அர்த்தம்மா” என்றாள் அபிராமி. “சோத்தையும் கொழம்பையும் வேற வேற டப்பால வெக்கிறியே, அதான் செப்பரேட்லி.”

அதோடு ஒச்சாயி விடவில்லை. தாளில் வரும் ஒவ்வொரு வார்த்தையையும் மகளிடம் கேட்டுப் படித்தாள். அவிநாசிக் கோயிலுக்குப் போய், “அவனும் ஒருநாள் தலைகுனியணும், நான் பாக்கணும்” என்று வேண்டினாள். சாமியிடம் கேட்கக் கூடாத வரம்தான்.

எட்டு மாதம் கழித்து அந்த நாள் வந்தது. அவசரத்தில் சசிகுமார் புதுத் தாளைப் பார்க்காமல், சிவப்பையும் வெள்ளையையும் கலந்து ஆறு பெட்டிகள் கட்டவைத்தான். சுவரில் ஒட்டியிருந்த தாளை ஒச்சாயி படித்தாள். நிறம் வாரியாக, செப்பரேட்லி. இரண்டு மணிக்குச் சரக்கு வாங்கும் பையரின் ஆள் சோதிக்க வருகிறார். அவள் வாயைத் திறக்கவில்லை. நெஞ்சு இனித்தது.

சாப்பாட்டு நேரத்தில், கூட்டிப் பெருக்கும் வெள்ளையம்மாளிடம், “இன்னைக்கு இருக்கு அந்தச் சசிகுமாருக்குத் தீவாளி” என்றாள்.

“ஏண்டி அவனக் கரிக்கிற? ஒன்னோட நாப்பது பெட்டியவும் யாரு பிரிச்சுக் கட்டுனான்னு நெனச்ச?”

“ஷிப்டு ஆளுக.”

“மண்ணாங்கட்டி! ஞாயித்துக்கெழம அவனும் அவன் பொண்டாட்டியும் வந்து ஒக்காந்து கட்டுனாக. ‘ஆபீசுக்குத் தெரிஞ்சா அக்காவ நிப்பாட்டிருவாங்க, யாருகிட்டயும் சொல்லீராதீங்க’ன்னான். நானும் இன்னைவரைக்கும் மூச்சு விடல.”

“அப்ப எதுக்கு என்னையத் தெனமும் சந்தி சிரிக்க வச்சான்?”

“அவன் நாக்கு அப்பிடி. கை அப்பிடியில்ல.”

ஒச்சாயிக்குக் கோபம் தணிந்துவிடவில்லை. ஆனால் வாங்கிய உதவியை வைத்துக்கொண்டு கெடுதலுக்குக் காத்திருக்க மனசு கூசியது. டப்பாவை மூடிவிட்டு எழுந்தாள்.

பேக்கிங் ஹாலில் ஒருவரும் இல்லை. முதல் பெட்டியின் டேப்பைக் கிழித்தாள். சிவப்பு ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம். வியர்வை சொட்டித் துணி கறைபடாமல் முந்தானையால் துடைத்துத் துடைத்து அடுக்கினாள்.

ஆறாவது பெட்டியை ஒட்டி, எண் தெரியும்படி வரிசையில் தள்ளினாள். கிழித்த டேப்பையெல்லாம் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டபோது சாப்பாட்டு நேரம் முடிந்த மணி அடித்தது.