பதினாறு துண்டு விரிப்பு

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றின் இரண்டாம் மாடி வீட்டில் இருந்தவர்கள், பொலிசுக்குக் கொடுத்த படிவத்தின்படி:

1. நவரத்தினம், வயது 53. பிரதான குடியிருப்பாளர். கொட்டாஞ்சேனை அச்சகமொன்றில் மேற்பார்வையாளர்.

2. ஜெகதீஸ்வரி, வயது 46. மேற்படியாரின் மனைவி.

3. சிவமணி, வயது 31. மனைவியின் தங்கை. நிரந்தர முகவரி யாழ்ப்பாணம். வந்த காரணம்: கண் சிகிச்சை. தங்கும் காலம்: இரண்டு கிழமை.

4. பெண் குழந்தை, வயது ஆறு மாதம். வந்த காரணம்: தாயுடன்.

இதில் மூன்றாவது வரியில்தான் பொய். சிவமணியின் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. எதிர்மாடிக் கொடியில் காய்கிற சட்டைக்கு எத்தனை பொத்தான் என்று இங்கிருந்தே சொல்லக்கூடியவள். புருஷன் பிரான்சில். அவனிடம் போவதற்கான கடிதம் வரும்வரை கொழும்பில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதை எழுதினால் அவன் எப்போது போனான், எப்படிப் போனான், யார் அனுப்பினார்கள் என்று கேள்வி நீளும். கண் சிகிச்சைக்குக் கேள்வி கிடையாது. இரண்டு கிழமை முடிந்ததும் நவரத்தினம் பொலிஸ் நிலையத்துக்குப் போய், சிகிச்சை முடியவில்லை என்று சொல்லி இன்னும் இரண்டு கிழமை எழுதிக்கொண்டு வருவார். எட்டுத் தடவை போய்விட்டார். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு அந்த ஒழுங்கையில் பாதி வீடுகளில் இப்படி நோயாளிகள் இருந்தார்கள். எல்லோருக்கும் இரண்டு கிழமையில் சுகமாகிற வருத்தம்.

பொய்யைப் பற்றி ஜெகதீஸ்வரிக்கு மனவருத்தம் எதுவும் இல்லை. பொய் நாலு மாதமாகத் தன் வீட்டு ஹோலில் படுத்துக் கிடப்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் ஒரே ஒரு அறை. மீதி எல்லாம் அந்த ஹோல்தான்.

ஒரு புதன்கிழமை குழந்தை முதல் முறையாகத் தானாகப் புரண்டது. புரண்ட வேகத்தில் நெற்றி சிமெந்தில் அடிபட்டு நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியது. அடுத்தநாள் காலை, பிள்ளைக்கு ஒரு விரிப்பு வாங்கவேண்டும் என்றாள் சிவமணி. தனியே விட்டால் கண்டதையும் வாங்குவாள் என்று ஜெகதீஸ்வரியும் கூடப் போனாள்.

புறக்கோட்டைக் குறுக்குத் தெருவில் குழந்தைச் சாமான் கடை. கடைக்காரர் மத்தியானத் தொழுகைக்குப் போயிருந்தார். மனைவி லுத்பியா மூன்று வகையை இறக்கிப் போட்டாள்.

"இது பிளாஸ்டிக் பாய். சுருட்டினா கட்டிலுக்குக் கீழ போயிடும். இது பஞ்சு வெச்சது, புள்ள நனைச்சா காயாது, நான் பொய் சொல்ல மாட்டேன். இது ஸ்பொஞ். பதினாறு துண்டு ஈக்குது. ஒண்டுல ஒண்டு கொழுவி விடலாம். புள்ள உழுந்தாலும் நோகாது."

"பாயை எடு," என்றாள் ஜெகதீஸ்வரி. "அவங்கள் செக்கிங் வந்தா ஒரு இழுவையில சுருட்டலாம்."

"பிள்ளையையும் சேர்த்துச் சுருட்டிறதோ?"

"கதையைக் குறை."

"உந்தப் பாய் பேப்பர் மாதிரிக் கிடக்கு அக்கா. இதை விரிக்கிறதும் ஒண்டு, சும்மா நிலத்தில விடுறதும் ஒண்டு."

"நாலு மாசமா என்ர நிலம் உனக்குக் குத்தேல்ல. இப்பதான் குத்துதோ?"

"குத்தினதுதான். சொல்லேல்ல."

லுத்பியா பாயின் ஒரு முனையையும் ஸ்பொஞ் துண்டொன்றையும் பிடித்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிவமணி அந்தத் துண்டை வாங்கிக் குழந்தையின் உள்ளங்காலில் வைத்து அழுத்தினாள். குழந்தை காலை உதைத்தது.

"இதைக் கட்டுங்கோ," என்றாள்.

"பதினாறு துண்டையும் விரிச்சா நாங்கள் எங்க நிக்கிறது? ஆர் வீடு எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாய்?"

வீடு என்ற சொல் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் சும்மா வருகிற சொல் அல்ல. ஜெகதீஸ்வரியைக் கட்டிக்கொடுத்தபோது அப்பா காசு கொடுத்தார். அது கொழும்பு வாடகையில் கரைந்தது. யாழ்ப்பாணத்தில் கட்டுவனில் இருந்த கல்வீட்டைச் சின்னவளுக்குச் சீதனமாக எழுதினார். எழுதும்போதே அங்கே இராணுவம் இருந்தது. வேலிக்கு வெளியே நின்றுகூட யாரும் பார்க்க முடியாது. கூரை இருக்கிறதா என்றே தெரியாத வீட்டுக்காக அக்காவும் தங்கையும் ஆறு வருடம் கதைக்காமல் இருந்தார்கள்.

"உங்கட வீடு எண்டு ஆர் சொன்னது?" என்றாள் சிவமணி. "மாசாமாசம் வாடகை குடுக்கிற இடம். எனக்குக் கட்டுவனில சொந்த வீடு இருக்கு."

"அப்ப அங்க போய் இரன். ஆமிக்காரன் இருக்கிறான் எண்டால் அவனிட்ட ஒரு மூலை கேள். நல்ல நிலம், பிள்ளைக்கும் நோகாது."

"அக்கா, மெதுவாப் பேசுங்கோ," என்றாள் லுத்பியா. "வாசல்லயே ஆமிக்காரன் ஒருத்தன் நிக்கிறான். ஓங்கட சண்டைய பஸ்ஸில வெச்சுக்கோங்கோ. இப்ப நான் எதைக் கட்ட?"

"ஸ்பொஞ்," என்றாள் சிவமணி.

சோதனைச் சாவடியில் சிப்பாய் கட்டை அவிழ்த்துப் பதினாறு துண்டையும் ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தான். திரும்பக் கட்டிக் கொடுக்கவில்லை. பஸ்ஸில் அவற்றை மடியில் அணைத்துக்கொண்டு, குழந்தையையும் வைத்துக்கொண்டு சிவமணி பட்ட பாட்டை ஜெகதீஸ்வரி பக்கத்து ஆசனத்தில் இருந்து பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு துண்டைக்கூட வாங்கிப் பிடிக்கவில்லை.

வீட்டில் விரித்ததும் ஹோல் இரண்டாகப் போயிற்று. சிவப்பும் மஞ்சளும் மாறி மாறி வர, தாயக்கட்டம் மாதிரி நாலுக்கு நாலு. நவரத்தினத்தின் நாற்காலி குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒதுங்கியது. குசினிக்குப் போவதென்றால் சுவரோடு சுவராக நகரவேண்டும், இல்லையென்றால் விரிப்பில் ஏறவேண்டும்.

"அத்தான், செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ. பிள்ளை வாயை வைக்குது."

நவரத்தினம் கழற்றினார். வெறுங்காலுடன், ஏதோ ஆற்றைக் கடப்பவர்போல வேட்டியைத் தூக்கிக்கொண்டு கடந்தார். ஜெகதீஸ்வரி அதைக் குசினி வாசலில் நின்று கண்டாள். இருபத்தைந்து வருடக் குடும்பத்தில் அவள் சொல்லி ஒருநாளும் செருப்பைக் கழற்றாத மனிதன்.

"நல்லாயிருக்கு. அவ மகாராணி, நீங்கள் வாசல்காரன்."

"வாசல்காரனுக்குச் செருப்பாவது இருக்கும், ஈசு."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"பகலில இதைக் கழட்டி வைக்கவேணும்," என்றாள் தங்கையிடம். "படிவத்தில ரெண்டு கிழமை எண்டு கிடக்கு. வாறவன் இதைப் பாத்தா என்ன நினைப்பான்?"

"பகலிலதானே பிள்ளை விளையாடுறது. கழட்டிப் பூட்ட அரை மணித்தியாலம் வேணும். அவன் நினைக்கிறதை நினைக்கட்டும்."

"அவன் நினைச்சா உனக்கு ஒண்டுமில்லை. கையெழுத்து இந்த மனுசன்ர."

 சிவமணி குழந்தையைச் சிவப்புத் துண்டில் குப்புறக் கிடத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். ஒரு சார்ஜன்ட், ஒரு பெண் பொலிஸ். சார்ஜன்டின் கையில் படிவத்தின் பிரதி இருந்தது. வயதான மனிதர், படியேறி மூச்சு வாங்கினார். ஆட்களை எண்ணினார், அடையாள அட்டைகளைப் பார்த்தார். பிறகு விரிப்பின் ஓரத்தில் சப்பாத்து முனை படாமல் நின்று அதை நெடுநேரம் பார்த்தார்.

"கண் வருத்தக்காரி யார்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

ஜெகதீஸ்வரி தங்கையைக் காட்டினாள்.

"நிறம் பார்த்து நன்றாக அடுக்கியிருக்கிறாள்."

 சார்ஜன்ட் குந்தியிருந்து ஒரு மஞ்சள் துண்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இரண்டு கிழமைக்கு வந்தவள் இப்படி ஒன்று வாங்குவாளா?"

"இது எங்களுடையது, மஹத்தயா," என்றார் நவரத்தினம்.

"உங்களுக்குப் பிள்ளை இருக்கிறதா?"

"ஒரு மகன்."

"எத்தனை வயது?"

"இருபத்திரண்டு. சென்னையில் படிக்கிறான்."

"வந்தால் இதில் தவழுவானா?"

பெண் பொலிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.  சார்ஜன்ட் எழுந்து, முழங்காலைத் தடவிக்கொண்டு, சத்தம் போடாமல் விஷயத்தைச் சொன்னார். எட்டுத் தடவை ஒரே வருத்தம் எழுதியிருக்கிறது. அவர் பெரிதுபடுத்தப் போவதில்லை. இரண்டு வழி இருக்கிறது. வீட்டுக்காரர் யாராவது ஒருவர், இந்தப் பெண்ணுக்கு நான் பொறுப்பு, ஆறு மாதம் இங்கேதான் இருப்பாள் என்று எழுதிக் கையெழுத்து வைத்து இன்றைக்கே நிலையத்தில் கொடுக்கலாம். அல்லது இவளும் பிள்ளையும் பின்னேரத்துக்கு முதல் வெளிக்கிட வேண்டும். போய்விட்டாள் என்று அவர் எழுதிவிடுவார். நாளைக்கு இங்கே கண்டால் மூன்று பேரையும் கொண்டுபோவார்.

சிவமணிக்குச் சிங்களம் கடையில் விலை கேட்கிற அளவுக்குத்தான். "அக்கா, என்னவாம்?" என்றாள்.

நவரத்தினத்துக்கு எல்லாம் விளங்கியிருந்தது. அவர் குளிர்சாதனப் பெட்டியின் கைபிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜெகதீஸ்வரிக்குப் பயம் இருந்தது, அது உண்மை. கையெழுத்து வைத்தவனைத் தேடி வருவார்கள் என்று ஒழுங்கையில் எத்தனை கதை கேட்டிருக்கிறாள். ஆனால் வாயைத் திறந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் வந்தது பயம் அல்ல. வேட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்த அந்த வெறுங்கால்கள்.

"பின்னேரத்துக்கிடையில உன்னைப் போகட்டாம்," என்றாள்.

"வேற ஒண்டும் சொல்லேல்லையோ? கனக்கக் கதைச்சவர்."

"அதைத்தான் கதைச்சவர்."

பெண் பொலிஸ் அடையாள அட்டையைச் சிவமணியிடம் திருப்பிக் கொடுத்தாள். கொடுக்கும்போது, கிழக்கில் எங்கோ வேலை பார்த்துப் பழகிய தமிழில், "அக்கா சைன் வெச்சா நீங்க இருக்க ஏலும்," என்றாள். "ஆறு மாசம்."

இருவரும் படியிறங்கிப் போனார்கள். சப்பாத்துச் சத்தம் கீழே ஓய்ந்தது. குழந்தை ஒரு துண்டின் ஓரத்துப் பல்லை வாயில் வைத்துச் சூப்பிக்கொண்டிருந்தது.

"கையெழுத்து வைப்பீங்களோ, மாட்டீங்களோ?" என்றாள் சிவமணி.

"மாட்டன்."

"அத்தான்?"

நவரத்தினம் மனைவியைப் பார்த்தார். "அவ சொன்னா..." என்றார்.

"காணும்," என்றாள் சிவமணி. "விளங்கிச்சு."

கொட்டாஞ்சேனையில் அன்னபாக்கியம் என்று ஊர்க்காரி ஒருத்தி அறை வாடகைக்கு விடுகிறாள். சிவமணி அவளுக்குத் தொலைபேசி எடுத்தாள். ஒரு கிழமைக்கு வா, அதுக்கு மேல என்னைக் கேளாதை என்று அந்தப் பக்கத்தில் சொன்னது வெளியிலும் கேட்டது. பிறகு பையை அடுக்கினாள். பால்மாப் பேணி, துணிகள், பாஸ்போட் உறை. கடைசியாக நிலத்தில் குந்தி, துண்டு துண்டாக விரிப்பைப் பிரித்தாள். ஒவ்வொன்றும் பிரியும்போது தோல் உரிகிற மாதிரிச் சத்தம் போட்டது.

"அதை ஏன் சுமக்கிறாய்? விட்டிட்டுப் போ," என்றாள் ஜெகதீஸ்வரி.

"போற இடத்திலயும் நிலம் சிமெந்துதான். அங்க இருக்கிறதும் ஆரோ ஒருத்தரின்ர வீடுதான்."

"நான் சொல்லச் சொல்ல இந்த ஸ்பொஞ்சை வாங்கினாய். பாயை எடுத்திருந்தா இண்டைக்கு இந்தப் பிரச்சினை இல்லை."

"ஓம். பாயை எடுத்திருந்தா நீங்கள் வேற ஒண்டைப் பிடிச்சிருப்பீங்கள்."

துணிக்கொடிக் கயிறால் பதினாறையும் கட்டினாள். இடுப்பில் குழந்தை, தோளில் பை. கட்டைத் தூக்க மூன்றாவது கை இல்லை. குனிந்து பார்த்தாள், முடியவில்லை. நவரத்தினம் வந்து கட்டை எடுத்தார். பிறகு அவள் தோளில் இருந்த பையையும் வாங்கினார்.

"கீழ ஓட்டோ பிடிச்சு, கொட்டாஞ்சேனையில விட்டிட்டு வாறன்," என்றார் யாரையும் பார்க்காமல்.

"கையெழுத்து வைக்க வராத கை, சாமான் தூக்க வருகுது," என்றாள் ஜெகதீஸ்வரி.

அவருடைய காது மடல் சிவந்தது. என்றாலும் கட்டை இறக்கவில்லை. சுவரோரம் கிடந்த செருப்பைக் காலால் தேடி மாட்டினார்.

சிவமணி வாசலில் நின்று திரும்பினாள். "விசா வந்தா அறிவிக்க மாட்டன் அக்கா. தேடாதேங்கோ."

"தேட இஞ்ச ஆள் இல்லை."

குழந்தை தாயின் தோளுக்கு மேலால் பெரியம்மாவைப் பார்த்துக் கையை நீட்டியது. அது எல்லோருக்கும் கையை நீட்டுகிற குழந்தை. மூன்று பேரும் படியிறங்கினார்கள். முதல் வளைவில் கட்டு சுவரில் இடிபட்டது, "பாத்து, அத்தான்" என்ற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

போனவர் ஒன்றரை மணித்தியாலத்தில் திரும்பி வருவார், வந்து தட்டுவார். ஜெகதீஸ்வரி கதவைச் சாத்தினாள். கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டாள், மேல் தாழ்ப்பாளைப் போட்டாள், திறப்பையும் இரண்டு முறை சுழற்றிப் பூட்டினாள்.