சவுரிராயனுக்கு அமலா எடுத்த டியூஷன்

எல்லாரும் நலமா? மூட்டுவலி, சுகர், பிரஷர் என்று உங்கள் வீட்டோடு தங்கிவிட்ட விருந்தாளிகளும் அடக்கமாக இருக்கிறார்களா? மாத்திரை போட்டாயிற்றா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வந்து உட்காருங்கள். திண்டிவனத்து அமலாவின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்கிறேன்.

அமலாவின் வீட்டுக்காரர் சவுரிராயன், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு தேறிவிட்டன. ஞாபகம்தான் சில நாள் பாதி வழியிலேயே இறங்கிவிடும். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் அவரை ஓர் ஆராய்ச்சியில் சேர்த்தார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு மூளை எப்படி மங்குகிறது என்று ஏழு நாட்டு டாக்டர்கள் சேர்ந்து பார்க்கிறார்களாம். ஆறு மாதத்துக்கு ஒரு டெஸ்ட். ஐந்து வார்த்தை சொல்வார்கள், சற்றுக் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் தடவை அவர் சொன்னது இரண்டு.

சென்னையிலிருந்து மகன் அன்புச்செல்வன் போனில் கறாராகப் பேசினான்.

"அடுத்த டெஸ்ட்ல இன்னும் கொறஞ்சா, வீட்டப் பூட்டிக்கினு ரெண்டு பேரும் இங்க வந்துடணும்மா."

அவன் இருப்பது நாலாவது மாடி. எதிர்வீட்டுக் கதவு திறந்து அமலா பார்த்ததே இல்லை. அங்கே போக அவளுக்கு மனசில்லை. அந்த மகனையே பத்தாவது பாஸ் பண்ண வைத்தவள் அவள். புருஷனை விடுவாளா?

முதல் டெஸ்டின்போதே ஐந்து வார்த்தையையும் கேஸ் பில்லின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். குடை, ஏரி, பச்சை, நாற்காலி, பூண்டு. கேப்பைக்கூழ் கரைக்கும்போது ஒரு தரம், மல்லாட்டைக் கடலை உரிக்கும்போது ஒரு தரம் என்று அவரைச் சொல்ல வைத்தாள். தப்பாகச் சொன்னால் காபி கிடையாது.

"என்னாடி இது பேஜாரு! விழுப்புரம் வரைக்கும் எல்லா ஸ்டாப்பும் சொல்றேன், உட்டுடு."

"ஸ்டாப்புக்கு மார்க்கு இல்லய்யா. பூண்டு எங்க போச்சு?"

ஆறு மாதம் இப்படிப் போயிற்று. டெஸ்ட் எடுக்கும் அருணா ஃபைலைத் திறந்ததுதான் தாமதம், சவுரிராயன் டிக்கெட் கிழிப்பதுபோல் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

"குடை, ஏரி, பச்சை, நாற்காலி, பூண்டு!"

"அய்யா, நான் இன்னும் கேக்கவே இல்லியே. அது போன தடவ வார்த்தைங்க. இப்ப வேற அஞ்சு."

அமலாவுக்கு முகம் தொங்கிவிட்டது. "ஏம்மா மாத்துனீங்க?"

"மனப்பாடம் பண்ணிக்கினு வருவாங்கன்னுதாம்மா. எல்லா நாட்டுலயும் மாத்துறாங்க."

"அப்ப எல்லா நாட்டுலயும் என்ன மாரி ஒருத்தி இருக்கா."

புது வார்த்தையில் அவருக்கு மறுபடி இரண்டு. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"அம்மா, கூட இருக்கறவங்களுக்கும் இதே டெஸ்ட்ட வெச்சி ஒப்பிட்டுப் பாக்கறோம். நீங்களும் உக்காருங்க."

அமலா முந்தானையைச் செருகிக்கொண்டு கலெக்டர் பரீட்சைக்கு வந்தவள்போல் உட்கார்ந்தாள். அவளுக்கும் புதிதாக ஐந்து. ஐந்து நிமிஷம் கழித்து அருணா கேட்டபோது வாயில் வந்ததெல்லாம் குடை, ஏரி, பச்சை. புது வார்த்தையில் சரியானது ஒன்றே ஒன்று.

பெஞ்சில் இருந்த சவுரிராயன் சொன்னார்: "இன்னிக்கு உனுக்கு காபி கெடையாது."

அடுத்த கேள்வி, அவர் எங்கேயாவது வழி தவறிப் போகிறாரா என்பது. இல்லை என்று சொல்லத்தான் வீட்டிலிருந்தே தயாராக வந்திருந்தாள். ஆனால் ஒரு மார்க் வாங்கியவளுக்குப் பொய் சொல்லத் தெம்பு இல்லை.

"ரெண்டு தடவ டியூட்டின்னு பைய மாட்டிக்கினு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டாரும்மா. புள்ளகிட்டகூட சொல்லல, தெரிஞ்சா வீட்டப் பூட்டி சென்னைக்குக் கூட்டிக்கினு போயிடுவான்."

அருணா எழுதிக்கொண்டாள். "இதாம்மா டாக்டருக்குத் தெரியணும். வீடு மாத்தறதுக்கு முன்னாடி உங்க புள்ளைய வந்து டாக்டரப் பாக்கச் சொல்லுங்க."

சாயங்காலம் மகன் போன் செய்தான். அமலா டியூஷன், பஸ் ஸ்டாண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"அப்பாவுக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணு. மார்க்கு பாத்து கூட்டிக்கினு போறதுன்னா மொதல்ல என்னத்தாண்டா கூட்டிக்கினு போவணும்."

அன்புச்செல்வன் சிரித்துவிட்டான். "திங்கக்கெழம லீவு போட்டுட்டு வர்றேம்மா. டாக்டரப் பாத்துட்டு முடிவு பண்ணலாம். அதுவரைக்கும் வீட்டப் பூட்ட வேணாம்."

போனை வைத்துவிட்டு அமலா இரண்டு டம்ளர் காபி போட்டாள்.

உங்கள் வீட்டிலும் டாக்டரிடம் பாஸ் பண்ண யாராவது இப்படிப் படித்திருப்பீர்களே? வெட்கப்படாமல் எழுதி அனுப்புங்கள். வாங்கிய மார்க்கையும் மறைக்காமல் போடுங்கள்.