ஈயச் சிப்பாய்களுக்கு வந்த முகம்

பாரி ஹத்வெய்ட் வர்ணம் தீட்டிய ஈயச் சிப்பாய்கள் அத்தனை பேருக்கும், வர்ணம் காய்ந்ததும், ஒரே ஆளின் முகம் வந்தது. நோய்க்குப் பயந்து நாடே கதவடைத்துக் கிடந்த வசந்தம் அது. நாட்டிங்ஹாமை ஒட்டிய பீஸ்டனில், ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றிருந்த பாரி, வாட்டர்லூ போருக்கான பிரெஞ்சுக் காலாட்படையைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சிப்பாய் சுண்டுவிரலில் பாதி உயரம், முகம் பட்டாணி அளவுகூடக் கிடையாது. கறுப்பு அடிப்பூச்சு, மேலே தோல் நிறம், மூக்கு நுனியில் வெளிர்பொட்டு என்று எல்லாம் முறைப்படிதான் செய்தார். காலையில் பார்த்தால் நரைத்த தாடியும் ஒரு பக்கம் வளைந்த மூக்குமாய், நடுவயது ஆள் ஒருவன் பட்டாளம் பட்டாளமாக நின்று அவரையே முறைத்துக்கொண்டிருந்தான். அவன் யாரென்று பாரிக்குத் தெரியவில்லை.

தீட்டிய வர்ணத்தைக் கரைத்து எடுத்துவிட்டு மறுபடி தீட்டினார், அதே ஆள். ஆஸ்திரியர்களைத் தீட்டினார், ரஷ்யர்களைத் தீட்டினார். சீருடை மாறியதே ஒழிய ஆள் மாறவில்லை. பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுச் சங்கத்து நண்பர் மால்கமுக்குத் தொலைபேசித் திரையில் காட்டினால், அவர் சிரித்தார். "எல்லாம் ஒரே அச்சுல வார்த்தது. ஒரே மாதிரி இல்லாம உன் மாமனார் மாதிரியா இருக்கும்?"

"அச்சுல தாடி இல்லடா!" என்று கத்திவிட்டு பாரி இணைப்பைத் துண்டித்தார்.

மேசையைப் பறிகொடுத்து மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி நோரீன் அந்தப் பக்கமே திரும்பமாட்டாள். அன்று தேநீரோடு வந்தவள், என்னதான் கூச்சல் என்று அவருடைய பூதக்கண்ணாடியைத் தலையில் மாட்டிக் குனிந்தாள். "பொம்மை நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். போகும்போது ஒரு சிப்பாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். பாரி அதைப் பார்த்துவிட்டார்.

அன்று பிடித்தது சனி. ஞாயிற்றுக்கிழமைகளில் குளியலறையில் குழாய் காரணமில்லாமல் ஓடுவதும், தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் அவள் தொலைபேசியில் கிசுகிசுப்பதும் அப்போதுதான் அவர் காதில் ஏறின. இத்தனை வருஷம் காதை எங்கே வைத்திருந்தாரோ! மருந்துக் கடையிலிருந்து மாத்திரை கொண்டுவருபவனுக்குத் தாடி இருந்தது. எதிர்வீட்டுக்காரருக்கு மூக்கு கொஞ்சம் கோணல். பாதிரியார் முகக்கவசம் போட்டிருந்தார். போட்டிருந்ததே பாரிக்குச் சந்தேகம். வியாழக்கிழமை மாலைகளில் தெருவே வாசலுக்கு வந்து செவிலியருக்காகக் கைதட்டும்போது, பாரி மட்டும் தலையில் பூதக்கண்ணாடியோடு ஒவ்வொரு ஆண் முகமாக அளந்துகொண்டிருந்தார். பாவம், வீட்டிலேயே இருந்து மனுஷனுக்குக் கழன்றுவிட்டது என்று தெரு பேசிக்கொண்டது. அவருக்கோ சோறு இறங்கவில்லை. நாற்பத்தைந்து வருஷக் குடித்தனம் கையைவிட்டுப் போகிறதே என்பதே நினைப்பாக இருந்தது.

கடைசியில் ஒரு ஞாயிறு, தொலைபேசியும் கையுமாக வெளியே வந்தவளைக் குளியலறை வாசலிலேயே மறித்தார்.

"யாரு நோரீன் அவன்?"

"உனக்கே தெரியலையா?"

"தெரிஞ்சா ஏன் கேக்கறேன்? எத்தனை நாளா நடக்குது இது?"

"இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஞாயித்துக்கிழமை தவறினதில்ல."

"அவன் பேரு?"

"கிரெய்க். நீதான் வெச்ச."

கிரெய்க் அவர்களுடைய ஒரே மகன். பதினேழு வயதில், சங்கத்துக் கண்காட்சிக்காகக் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து ஒரு படைப்பிரிவை முதன்முதலாகத் தானே தீட்டினான். சிப்பாய்ச் சட்டையில் மஞ்சளாக இருக்க வேண்டிய கைமடிப்புகளுக்குப் பச்சை அடித்துவிட்டான். சங்கமே பார்த்துக்கொண்டிருக்க, பாரி அந்தப் படைப்பிரிவு முழுவதையும் வர்ணத்தைக் கரைத்து நீக்கும் வாளியில் போட்டார். அடுத்த மாதம் பையன் வீட்டைவிட்டுப் போனான், வரவில்லை. வரப்புக்காகவும் வாய்க்காலுக்காகவும் பகையானவர்கள் உண்டு. கைமடிப்பு நிறத்துக்காகப் பிள்ளையைத் தொலைத்தவர் எங்கள் பக்கத்தில் இவர் ஒருவர்தான். தன் மகனுக்கு நரைக்கும் என்பதே அந்த மனிதருக்குத் தோன்றியிருக்கவில்லை. இப்போது வெட்கம் பிடுங்கித் தின்றது. நோரீன் இன்னும் துண்டிக்காத தொலைபேசியை அவர் கையில் திணித்தாள்.

"மூக்கு என்னடா ஆச்சு?"

"லீட்ஸ்ல வேலைக்குப் போன எடத்துல ஏணியிலேர்ந்து விழுந்தேன். உங்களுக்கு யாருப்பா சொன்னா?"

"சிப்பாய்ங்கதான். அந்த வாளி... நான் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாதுடா."

"தப்பு நிறம்தானேப்பா அது."

"தப்பு நிறம்தான். இருந்தாலும்."

அதன்பிறகு ஞாயிறுகளில் குழாய் ஓடவில்லை. கோடையில் பாரி பிரஷ்யக் குதிரைப்படையைக் கையில் எடுத்தார். முரட்டு ஆட்கள், மீசை அச்சிலேயே வார்க்கப்பட்டது. காய்ந்த பிறகு பார்த்தால், உருவிய வாளோடு குதிரைமேல் இருந்த அத்தனை பேருக்கும் மீசையைக் காணோம். முன்பல் இல்லாமல் சிரிக்கும் ஒரு சின்னப் பெண்ணின் முகம். பாரி யாரையும் சந்தேகப்படவில்லை. பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"நோரீன், பேத்தி பேரு என்ன?"

"மேபல்" என்றாள் அவள், உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தாமல். "பல்லு போன வாரம்தான் விழுந்துது."