குயவரின் சிங்கமும் டாக்டரின் கோடும்

2010ஆம் ஆண்டு ஜூன் 10, வியாழக்கிழமை. முள் தைத்த முனிகிருஷ்ணனின் வலக்கால், கம்பெனி கொடுத்த ஷூவுக்குள் நுழைய மறுத்தது. இதைவிடப் பெரிய அநியாயம் உண்டா? தலைமுறைகளாகப் பிறர் நிலத்தில் வெறுங்காலோடு உழைத்த குடும்பத்தில் அவனுக்குத்தான் முதன்முதலாக, வரதய்யபாளையத்தை அடுத்த புதிய தொழிற்சாலையில் காவல் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை ஷூவோடு வாசலில் நிற்காவிட்டால் அவ்வேலை வேறொருவனுக்குப் போய்விடும்.

கால் சிவந்து கொதிப்பதைக் கண்ட மனைவி சந்திரம்மா, அக்கி என்றே தீர்ப்பளித்தாள். அந்தத் தோல் நோய் தீர ஊர் வழக்கப்படி குயவரை அழைத்து, காலில் காவி மண்ணால் சிங்கம் எழுதச் செய்தாள். எழுதிய இடத்தில் தண்ணீர் படக் கூடாது என்பது வழக்கம். வீக்கம் வற்றவில்லை, சிங்கந்தான் பருத்தது.

மறுநாள் இருவரும் திருப்பதிக்குப் போனார்கள். அங்கே டாக்டர் சிவசங்கரி காலைப் பார்த்துத் திகைத்தார். "இதுல உங்க சிவப்பு எது, குயவர் சிவப்பு எது? மொதல்ல கழுவுங்க."

"கய்வக் கூடாதும்மா, சிங்கம் கோச்சிக்கும்!" என்று சந்திரம்மா குறுக்கே பாய்ந்தாள்.

"நான் சமாதானம் சொல்லிக்கறேன்."

கழுவியதும் உண்மைச் சிவப்பு கணுக்காலுக்கு மேலேறியிருந்தது தெரிந்தது.

"என் ஒடம்பே எனக்குத் துரோகம் பண்ணுதே, டாக்டரம்மா" என்று முனிகிருஷ்ணன் பொருமினான்.

"துரோகமில்ல, காவல். முள்ளோட கிருமி பூந்துச்சு. ஒடனே ரத்தக் குழாய் விரிஞ்சு ரத்தம் நெறைய வருது. அதான் சிவப்பும் சூடும். குழாய்லேர்ந்து நீரும் வெள்ளை அணுவும் கசிஞ்சு எறங்குது, அதான் வீக்கம். நீங்க நடக்காம இருக்கத்தான் வலி."

"திருடனப் புடிக்க வந்தவங்கோ என் ஷூவ மறிச்சிக்கினு நிக்கலாமா?"

"மாத்திரை திருடனப் புடிச்சா அவங்க கலைஞ்சுடுவாங்க. கால ஒசத்தி வெச்சுப் படுங்க." சிவப்பின் ஓரமாகப் பேனாவால் ஒரு கோடு வரைந்தார். "சிவப்பு இதத் தாண்டினா ஒடனே வாங்க."

சந்திரம்மா முகத்தைச் சுளித்தாள். "குயவரு சிங்கமே எய்தினாரு. இவ்ளோ படிச்சும் இந்தம்மாவுக்கு வெறுங்கோடுதான் வர்து!"

மாத்திரை வேலை செய்தது. சிவப்பு கோட்டுக்குள் சுருங்கியது, திங்களன்று ஷூ முனகலோடு ஏறியது, வேலையும் நிலைத்தது. ஆனால் புகழ் முழுவதும் கோட்டுக்கே சென்றது. "திர்ப்பதி டாக்டரம்மா எய்த்துக்கு அவ்ளோ சக்தி" என்று சந்திரம்மா தெருவெங்கும் பரப்பினாள். இன்று அவ்வூரில் எவர் கால் வீங்கினாலும் பிள்ளைகளின் பேனாதான் மருந்து.

வாசகரே, உம் வீட்டில் ஒரு கால் சிவந்து, சூடேறி, வீங்கினால் எதையும் பூசாதீர், எதையும் எழுதாதீர். கழுவிய காலோடு இன்றே மருத்துவரிடம் செல்லும். கொடுத்த மாத்திரையைத் தீரும்வரை விழுங்கும்!