சுமித்ராவின் வயிற்றில் கேட்ட தட்டல்

சுமித்ராவின் வயிற்றுக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோன்ற சத்தம் ஆறாம் மாதத்தில் கேட்கத் தொடங்கியது. கஹவத்தைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலை, ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தின் சுவர்கள் மெல்லியவை. முதலில் அக்கம்பக்கத்தார் எழுந்து தத்தம் கதவுகளைத் திறந்து பார்த்தார்கள்; சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டார்கள். சுமித்ரா வழக்கம்போலக் கொழுந்தெடுக்கப் போனாள். மலையேறினால் தட்டல் வேகமாகும், உட்கார்ந்தால் தணியும். மழைக்காலம் முடிவதற்குள் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை, தலைவலி விடவில்லை, கண்முன் மின்மினிகள் பறந்தன. மாமியார் கறிக்கு உப்புப் போடுவதை நிறுத்தினாள். கணவன் கிருஷ்ணகுமார் ரப்பர்பால் வெட்டிவிட்டு வந்து, வயிற்றில் கை வைத்து, கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று உள்ளே இருப்பதிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தபடியே உறங்கிப்போவான்.

தோட்டத்துக் கர்ப்பிணிகளைப் பார்க்கும் குடும்ப நல மாது றஹீமா அயர்ந்துபோய்த்தான் லயத்துக்கு ஏறி வந்தாள். பிரெஷர் பார்த்தாள், சிறுநீரைச் சோதித்தாள், தட்டலையும் கேட்டாள்.

"நான் கூடை தூக்குனதாலயா மிஸ்?" என்றாள் சுமித்ரா.

"இல்ல புள்ள. உப்பாலயும் இல்ல. நஞ்சுக்கொடி வேர்விடுற நேரம் கர்ப்பப்பையில ரத்தக்குழாய் அகலமாகணும். ஒனக்கு ஒடுக்கமாவே நின்னிருச்சு. ஏன்னு டாக்டர்மாருக்கே முழுசா தெரியாது. ரத்தம் பத்தாமத்தான் கொடி தட்டுது."

"எனக்கு ஏன் ஒடம்பு வீங்குது?"

"பட்டினி கெடக்குற கொடி என்னென்னமோ ஒன் ரத்தத்துல கலந்து விடுது. அதுல ஒடம்பு பூரா குழாயெல்லாம் கெட்டு இறுகிப் போகுது. ஈரல், கிட்னி, மூளை எல்லாத்துக்கும் ஆபத்து. இப்பவே கெளம்புங்க."

பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. த்ரீவீல் ஆட்டோ பிடித்து இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வழியெல்லாம் தட்டல் கேட்டது; டிரைவர் இருமுறை நிறுத்திப் பின்சக்கரத்தைப் பார்த்தான். வலிப்பு வராமலிருக்க ஊசி போட்டார்கள். கொடி வெளியே வந்தால்தான் நோய் இறங்கத் தொடங்கும் என்றார் டாக்டர். குழந்தைக்கு இன்னும் நாளாகவில்லை என்றும் சொன்னார். இரண்டையும் கேட்டுக்கொண்டு கிருஷ்ணகுமார் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டான். உள்ளங்கையில் அடங்கும் தலையோடு ஒரு பெண்குழந்தை வந்து, யோசித்துவிட்டு அழுதது. கண்ணாடிப் பெட்டியில் அதற்கு மூச்சு சீரானது. சுமித்ராவின் பிரெஷர் மெதுவாகத்தான் இறங்கியது. வயிற்றில் தட்டல் இல்லாமல் அவள் தூங்கினாள்.

தட்டத்தில் கிடந்த நஞ்சுக்கொடி இன்னும் தட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப்போக வந்த ஆஸ்பத்திரிச் சிற்றூழியப் பெண்ணுக்கு வேலை முடியும் நேரம், கால் கடுத்தது. அது ஓயும்வரை சுவரில் சாய்ந்து நின்றிருந்துவிட்டு, பிறகு எடுத்துப்போனாள்.